தேரிலிருந்து இறங்கியவள்: தம்புள்ளைக் குகைகளும் விடுபட்ட பாத்திரங்களும்

இலங்கையின் தம்புள்ளைக் குகைக் கோயிலில், நான்காம் குகையில் சிறிய தாதுகோபம் ஒன்று இருக்கிறது. சோம சைத்தியம் என்பது அதன் பெயர். வலகம்பா மன்னனின் அரசி சோமாதேவியின் நகைகள் அதற்குள் இருப்பதாக நம்பிய திருடர்கள் ஒருமுறை அதை உடைத்தார்கள். 1991இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இக்கோயிலில் 157 சிலைகளும் ஏறத்தாழ 2,100 சதுர மீட்டர் சுவரோவியங்களும் இருப்பதால், வருகிறவர்களின் கண் இந்தச் சைத்தியத்தில் தங்குவதில்லை. வரலாற்று நூலில் சில செய்யுள்களுக்குள் முடிந்துபோகும் ஓர் அரசியின் பெயர் இந்தக் குகைக்குள் எப்படி வந்தது என்பது கேட்கத் தகுந்த கேள்வி.

பல தலைமுறைகள், பல கைகள் வழியாகச் சொல்லப்படும் கதையில் துணைப் பாத்திரங்கள் தற்செயலாகத் தொலைவதில்லை என்பது என் வாதம். எவரைப் பின்தொடர்ந்து போனால் நாயகனின் பெருமைக்கு ஊறு வருமோ அவரைத்தான் கதை முதலில் கைவிடுகிறது. அந்த இடைவெளியைப் பிற்காலத்தார் அடைக்கிறார்கள். எல்லா இடைவெளிகளையும் அல்ல, தமக்கு வேண்டியவற்றை மட்டும்.

குழந்தைகள் நன்கறிந்த ஓர் அசைவூட்டப் படத் தொடரில் இதன் இயக்கம் தெளிவாகத் தெரியும். 'டாய் ஸ்டோரி'யின் முதல் இரு படங்களிலும் (1995, 1999) இடம்பெற்ற போ பீப் என்ற பொம்மை, 2010இல் வந்த மூன்றாம் படத்தின் தொடக்கத்தில் கணநேரம் தலைகாட்டியதோடு சரி. பிறகு, பிரிந்துபோன பொம்மைகளைப் பற்றிய பேச்சில் பெயராக மட்டும் வருகிறாள். அவள் எங்கே போனாள் என்பதை 2019இல் வந்த நான்காம் படம்தான் காட்டியது. அவள் வேறு வீட்டுக்குக் கொடுக்கப்பட்ட இரவில் நாயகன் வுடியும் கூடவே போயிருக்கலாம். போகாமல் தன் குழந்தையிடம் திரும்புகிறான். மூன்றாம் படத்தின் வுடி அசையாத விசுவாசத்தின் உருவம். அந்த இரவின் தயக்கத்தை அங்கே காட்டியிருந்தால் அந்த உருவம் சற்று மங்கியிருக்கும்.

இனி சோமாதேவியைச் சொல்லும் அந்த வரலாற்று நூலான மகாவம்சத்தின் 33ஆம் அத்தியாயம். கி.மு. 103இல் அரசேறிய வட்டகாமணி அபயன், அதாவது வலகம்பா, ஐந்தாம் மாதத்திலேயே ஏழு தமிழ்த் தலைவர்களின் படையிடம் தோற்றுத் தேரேறி ஓடுகிறான். கருவுற்றிருந்த அனுலாதேவியும் இளவரசர் இருவரும் உடன் இருக்கிறார்கள். தேரின் பாரத்தைக் குறைக்க சோமாதேவி இறக்கிவிடப்படுகிறாள். அரசன் தன் முடிமணியை அவளிடம் கொடுக்கிறான். அவள் சம்மதத்தோடுதான் இது நடந்தது என்று நூல் தனியே எடுத்துச் சொல்கிறது. யாரும் கேட்காத கேள்விக்கு முன்கூட்டியே விடை சொல்லும் கதைசொல்லியை நான் சற்று எச்சரிக்கையோடுதான் வாசிப்பேன். எழுவரில் ஒருவன் அவள்மேல் ஆசைகொண்டு அவளை அக்கரைக்குக் கொண்டுசெல்கிறான். ஆண்டுகள் கழித்து, வென்று மீண்ட அரசன் அவளை வரவழைத்துப் பழைய நிலையில் வைக்கிறான். அவள் இறங்கி ஒளிந்த இடத்தில் அவள் பெயரால் ஒரு விகாரை கட்டுகிறான். கடலுக்கு அப்பாலிருந்து அவள் எப்படி வந்தாள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

தம்புள்ளையின் சோம சைத்தியம் இந்த மௌனத்துக்குப் பிற்கால நம்பிக்கை தந்த விடை. கைவிடப்பட்டவளுக்குக் கிடைத்த மணி தொலையவில்லை, இதோ இங்கே இருக்கிறது என்கிறது அது. திருடர்கள்கூடக் கதையின் தொடர்ச்சியை நம்பித்தான் கடப்பாரை எடுத்திருக்கிறார்கள்.

அரசன் ஒளிந்த இடமும் இப்படி ஒட்டப்பட்டதுதான். தம்புள்ளையில் எல்லோரும் சொல்லும் கதைப்படி வலகம்பா இந்தக் குகைகளில் மறைந்திருந்து, நன்றிக்கடனாக இவற்றைக் கோயிலாக்கினான். மகாவம்சமோ அவனை வெஸ்ஸகிரிக் காட்டிலும் பிறகு மாதுவேலங்கத்தில் தனசிவன் என்பவனுடைய ஆதரவிலும் வைக்கிறது. தம்புள்ளை அங்கே பேச்சிலேயே இல்லை. பதினான்கு ஆண்டு அரசனைக் காத்த தனசிவனை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? காத்தவனின் இடத்தில் ஒரு மலை வந்து உட்கார்ந்துவிட்டது. மலைக்கு நன்றி சொல்வதில் அரசனுக்குக் கௌரவக் குறைவு இல்லை. இதே மாவட்டத்தில் இன்னொரு சான்றும் உண்டு. பௌத்தத் திருநூலான திரிபிடகம் இவ்வரசன் காலத்தில் ஏட்டில் எழுதப்பட்டதை மகாவம்சம் சொல்கிறது, இடத்தைச் சொல்லவில்லை. மாத்தளைக்கு அருகிலுள்ள அளுவிகாரைதான் அந்த இடம் என்பது பின்னால் வந்த மரபு.

இவையெல்லாம் அடைக்கப்பட்ட இடைவெளிகள். அடைபடாத ஒன்று, எழுவரில் இருவர் அக்கரைக்குத் திரும்பியபின் எஞ்சிய ஐவர்: புலஹத்தன், பாஹியன், பனயமாறன், பிளயமாறன், தாட்டிகன். அநுராதபுரத்தில் அடுத்தடுத்து ஆண்டவர்கள். முறையே மூன்று ஆண்டு, இரண்டு ஆண்டு, ஏழு ஆண்டு, ஏழு மாதம், இரண்டு ஆண்டு. மொத்தம் 14 ஆண்டும் 7 மாதமும். முதல் நால்வரையும் அவரவர் படைத்தலைவரே கொன்று அரசேறினர். தாட்டிகன் ஒருவன்தான் வலகம்பாவின் கையால் இறந்தவன். இன்னொரு வரலாற்று நூலான தீபவம்சத்திலோ முதல் இருவரின் பெயர்களே வேறு வடிவில் இருக்கின்றன.

இரண்டாம் குகையான மகாராஜ குகையில் வலகம்பாவின் சிலை நிற்கிறது. சிங்கள அரசன் துட்டகைமுனுவும் தமிழ் அரசன் எல்லாளனும் யானைமேல் பொருதும் புகழ்பெற்ற ஓவியமும் அங்கேதான். தமிழர் என்பதற்காகவே ஐவரும் மறக்கப்பட்டார்கள் என்று சொல்ல எளிது. அப்படியானால் 44 ஆண்டு ஆண்ட எல்லாளனும் மறைந்திருக்க வேண்டும். அவன் மறையவில்லை, அவன் இல்லாமல் துட்டகைமுனுவின் வெற்றிக்கு அளவுகோல் இல்லை. எல்லாளன் எரியூட்டப்பட்டபின் பெரும்படையோடு வந்திறங்கிய அவன் மருகன் பல்லுகனைத்தான் பொதுநினைவு உதறிவிட்டது. ஒரே போர் இரண்டு முடிவுகளைத் தாங்காது. இக்கோயிலில் இன்று நாம் காணும் ஓவியங்களில் பெரும்பகுதி கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்துப் புதுப்பிப்பின் விளைவு. தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவன் அவன். அவனுடைய சிலை மூன்றாம் குகையில் இருக்கிறது. 1760இல் அவனுக்கு எதிராகச் சதி நடந்தபோது அவன் சைவப் பற்றும் ஒரு குற்றச்சாட்டாயிற்று. இத்தகைய புரவலனின் காலத்துத் தீட்டலை இன வெறுப்பு என்ற ஒரே சாவியால் திறக்க முடியாது. இனத்துக்கு இதில் பங்கே இல்லை என்பதல்ல; மகாவம்சம் அந்த ஐவரையும் தமிழர் என்ற ஒரே அடையாளத்தில்தான் கோக்கிறது.

அடுத்தடுத்த கொலைகளை ஓவியமாக்க முடியாது, இருவர் மோதலைத்தான் தீட்ட முடியும் என்று ஒருவர் மறுக்கலாம். கண்டிக்கால ஓவியரை அறிந்தவர் இதை ஏற்கமாட்டார். ஒரே பாத்திரத்தை நீண்ட பட்டையில் திரும்பத் திரும்பத் தீட்டிக் கதையை நகர்த்துவது அவர்களுக்குக் கைவந்த கலை. அசைவூட்டக்காரர் சட்டகம் சட்டகமாகச் செய்வதை, புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் சாதகக் கதைப் பட்டைகளில் அவர்கள் சுவர் முழுக்கச் செய்தார்கள்.

காரணம் வேறிடத்தில் இருக்கிறது. அரசன் ஒளிந்திருந்த 14 ஆண்டும் ஐவர் ஆண்ட 14 ஆண்டும் ஒன்றே. ஒரே காலம், இரு பக்கத்துக் கணக்கு. ஐவரையும் வரிசையாகக் காட்டினால், தலைநகரில் நான்கு ஆட்சிகள் தம் உட்பகையால் விழும்வரை அரசன் காத்திருந்தான் என்பது தெரிந்துவிடும். குகைக்கதைக்கு வேண்டியது தவம்போன்ற ஒரு வனவாசம். எனவே எண்ணை வைத்துக்கொண்டு ஆட்களை விட்டுவிட்டது.

மிஞ்சுவது அக்கரைக்குத் திரும்பிய இருவர். ஒருவன் சோமாதேவியோடு போனான், மற்றவன் அநுராதபுரத்திலிருந்த புத்தரின் பிச்சைப் பாத்திரத்தோடு. நூல் இருவருக்கும் பெயர் தரவில்லை. பாத்திரமோ, நான்காம் நூற்றாண்டில் உபதிஸ்ஸ மன்னன் வறட்சி தீர்க்கச் சடங்கு செய்தபோது மீண்டும் இலங்கையில் இருக்கிறது. அரசியும் திரும்பியிருக்கிறாள், பாத்திரமும் திரும்பியிருக்கிறது. கொண்டுவந்த கப்பலை மட்டும் காணோம். வலகம்பா யாரோடு பேசி, எதைக் கொடுத்து, இவற்றில் ஒன்றையாவது மீட்டான் என்று கேட்டால், தோற்றோடியவனாகவும் வென்று மீண்டவனாகவும் மட்டுமே நாம் அறிந்த அரசன் அக்கரையோடு உடன்பாடு செய்தவனாகவும் தெரிவான். அந்த வலகம்பாவுக்கு ஐந்து குகைகளில் எங்கும் சிலையில்லை.