சிரிப்பும் சரித்திரமும்

அண்மையில் ஒரு நாள் மாலை, அஸ்தினாபுரத்திலுள்ள என் வீட்டு வாயிலில் அமர்ந்து பழைய புத்தகமொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு இளைஞர், கல்லூரியில் சரித்திரம் பயில்பவர், செவிகளில் பாட்டுக் கேட்கும் சிறு குமிழ்களைச் செருகியவண்ணம் அவ்வழியே வந்தார். நான் தனியே சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டு குமிழ்களை அகற்றிவிட்டு, “என்ன புத்தகம் சார்?” என்று வினவினார். “உங்கள் பாடந்தான், சரித்திரம்” என்றேன். “சரித்திரத்தில் சிரிக்க என்ன சார் இருக்கிறது?” என்றார் அவர், மெய்யான வியப்போடு.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பாடம் சொன்னவனுக்கு இக்கேள்வி சற்றே உறைத்தது. அரசர்களின் பட்டியலையும் போர்களின் ஆண்டுகளையும் ஒப்புவிக்கச் செய்த எங்கள் மீதும் குற்றம் உண்டன்றோ? அவருக்கு அன்று கூறிய விடையையே இங்கு மாணவ நண்பர்களாகிய உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

என் கையிலிருந்தது ‘கல்கி’ ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு. கல்கி என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவன சோழர்களும் பல்லவர்களும் உலவும் பெரிய நவீனங்களே. அவை பிற்காலத்தவை. நான் சொல்லப்போவது, அவர் முப்பது வயதை எட்டும் இளைஞராயிருந்த காலத்தைப் பற்றியது.

1899-ஆம் ஆண்டு தஞ்சை ஜில்லாவின் ஒரு சிற்றூரில் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, திருச்சியில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தபோது காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பைக் கேட்டுப் படிப்பைத் துறந்தார். 1922-இல் ஓராண்டு சிறைவாசம் அனுபவித்தார். 1923-இல் திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திய ‘நவசக்தி’யில் உதவியாசிரியராக அமர்ந்தார். 1928-இல் எஸ். எஸ். வாசன் அவர்கள் ‘ஆனந்த விகட’னை விலைக்கு வாங்கி நடத்தத் தொடங்கியபோது, ‘ஏட்டிக்குப் போட்டி’ என்ற நகைச்சுவைக் கட்டுரையொன்று அதில் வெளிவந்தது. எழுதியவர் பெயர் ‘கல்கி’ என்றிருந்தது. தமிழ் வாசகர் ஒரு தலைமுறைக் காலம் வாரந்தோறும் எதிர்நோக்கிய சிரிப்பு இவ்வாறு தொடங்கிற்று.

அந்த இளைஞர் எத்தகைய காலத்தில் எழுதப் புகுந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழர் வாழ்க்கையில் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்த காலம் அது. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர்கள் சென்னையில் வானொலிச் சங்கம் ஒன்றை நிறுவி, சிறியதோர் ஒலிபரப்பியைக்கொண்டு பாட்டும் பேச்சும் பரப்பினர். பணமுடையால் 1927-இல் அது நின்றது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்திற்று. வீட்டில் வானொலிப் பெட்டி இல்லாதவரும் மெரினாக் கடற்கரையில் ஒலிபெருக்கியின் அருகே நின்று கச்சேரி கேட்கலாயினர். 1931 மே மாதத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் ‘காளிதாஸ்’ என்னும் பேசும் படம் சென்னையில் திரையிடப்பட்டது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்னரே வந்தது கிராமபோன். 1902-இல் கல்கத்தாவில் முதன்முதலாக இசைத்தட்டுப் பதிவு நடைபெற்றபோது மின்சார ஒலிவாங்கி கிடையாது. பாடுவோர் ஒரு பெரிய குழலின் வாயருகே நின்று உரக்கப் பாடுவர். அவ்வதிர்வு ஓர் ஊசியை அசைத்து மெழுகுத்தட்டில் கோடிடும். அத்தட்டுகள் ஜெர்மனி தேசத்துக்குச் சென்று அச்சாகி மீளும். அங்குள்ள தொழிலாளருக்குப் பாடியவர் இன்னார் என்று தெரியவேண்டுமே! ஆதலின் கௌஹர் ஜான் என்னும் பாடகியார் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவித்தார். ஒரு பக்கத்துக்குக் கிடைத்த நேரமோ ஏறத்தாழ மூன்று நிமிஷம். ஒரு மணி நேரம் ராகத்தை விரிக்கும் வித்துவான், மூன்று நிமிஷத்தில் அதை முடித்துக்கொள்ள வேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள்!

நிற்க. 1925-ஐ ஒட்டி மின்சார முறையில் ஒலிப்பதிவு வந்தது. பின்னர்க் கச்சேரி மேடைக்கும் ஒலிவாங்கி வந்தது. அதற்கு முன் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வல்ல கனத்த சாரீரமே பாடகருக்கு மூலதனம். ஒலிவாங்கி வந்த பின்னர் மென்மையான குரலும் மண்டபம் முழுவதும் சென்று சேர்ந்தது. யார் பாடகராகலாம் என்ற கேள்விக்கே விடை மாறிற்று என்றால் அது மிகையன்று.

இத்தகைய மாறுதல்களின் நடுவே நின்றுதான் அவ்விளைஞர் சிரித்தார். ‘ஆனந்த விகட’னில் ‘ஆடல் பாடல்’ என்ற பகுதியில் சங்கீதத்தையும் நடனத்தையும் விமரிசனம் செய்தார். அதற்கு அவர் பூண்ட புனைபெயர் ‘கர்நாடகம்’. இப்பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. கர்நாடகம் என்பது நம் சங்கீதத்தின் பெயர். பேச்சுவழக்கிலோ, “அவர் சுத்தக் கர்நாடகம்” என்றால் புதுமை ஒவ்வாத பழம்போக்கினர் என்று பொருள். பிறரைக் கேலி செய்யப் புகுந்தவர், முதற்கண் தம்மையே கேலி செய்துகொண்டார்.

இனி, அந்த மாணவர் கேட்ட கேள்விக்கு வருவோம். நகைச்சுவை எழுத்து மிகைப்படக் கூறுவது. அது சரித்திரத்துக்கு எவ்வாறு சான்றாகும்? மின்சார ரயில் எந்த ஆண்டு ஓடிற்று என்பதை அரசாங்க அறிக்கை சொல்லும். அதைக் கண்டவர் வியந்தனரா, அஞ்சினரா, முதல் நாளே இடத்துக்குச் சண்டையிட்டனரா என்பதை அறிக்கை சொல்லாது. நகைச்சுவையோ அதைச் சொல்லும். காரணம் எளிது. வாசகர் தாம் கண்டறியாத ஒன்றைக் குறித்துச் சிரிக்கமாட்டார். வித்துவானின் முகச்சேஷ்டையைப் பற்றி எழுதி ஆயிரக்கணக்கானோரைச் சிரிக்கவைத்தார் என்றால், அந்த ஆயிரக்கணக்கானோரும் அதைப் பார்த்திருந்தனர் என்றே பொருள். எனவே நகைச்சுவையில் மிகையைக் கழித்துவிட்டால், எஞ்சி நிற்பது அக்காலத்தார் அனைவருக்கும் தெரிந்திருந்த உண்மையாகும். கல்வெட்டைப் படிக்க ஒரு முறை இருப்பதுபோல, சிரிப்பைப் படிக்கவும் ஒரு முறை உண்டு.

ஆயின் கல்கியின் சிரிப்பு சான்றாக மட்டும் நின்றுவிடவில்லை. அது ஒரு வழக்கையும் நடத்திற்று. சங்கீத இலக்கணம் கல்லாத சாதாரண மனிதன், “பாட்டின் பொருள் எனக்கு விளங்கவில்லை” என்று சொல்ல உரிமை உடையவனா? சபைகளில் தெரியாத மொழிப் பாட்டுகளுக்கு விளங்கியதுபோலத் தலையசைத்து வந்த மக்கள், அக்கேள்வியைக் கேட்கக் கூசினர். ‘கர்நாடகம்’ அதைச் சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக் கேட்டமையால் பிறரும் அஞ்சாமல் கேட்கலாயினர். 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஆதரவில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. இசைக்கு மொழி வேலியிடலாகாது என்று வாதிட்ட சான்றோரும் அன்று இருந்தனர். அவர்கள் வாதத்திலும் பொருளுண்டு. தமிழிசையின் பக்கம் நின்று ஓயாது எழுதியவர்களுள் கல்கி முதன்மையானவர். விளையாட்டாகத் தொடங்கிய கேள்வி மாநாடாகவும் சங்கமாகவும் வளர்ந்தது!

மற்றொன்றையும் கருதுக. அவர் இயந்திரத்தின் பகைவர் அல்லர். 1934-இல் வெளிவந்த ‘பவளக்கொடி’யில் ஏறத்தாழ ஐம்பது பாட்டுகள் இருந்தன என்பர். அத்தகைய பேசும் படங்களைப் பார்த்து நகைக்க இடமிருந்தது. நகைத்ததோடு அவர் ஒதுங்கிவிடவில்லை. 1939-இல் அவருடைய ‘தியாக பூமி’ கதை கே. சுப்பிரமணியம் அவர்களால் படமாக்கப்பட்டது. படக் காட்சிகளோடு கதையும் விகடனில் தொடராக வந்தது. தேசிய உணர்ச்சியைத் தூண்டிய அப்படத்தை ஆங்கில அரசு பின்னர்த் தடைசெய்தது. 1945-இல் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் நடித்த ‘மீரா’வுக்கு அவரே பாட்டும் இயற்றினார். குறை கண்ட இடத்தில் சிரித்தார். வாய்ப்புக் கண்ட இடத்தில் உழைத்தார். புதிய கருவியைக் கும்பிடுவோரும் உண்டு, சபிப்போரும் உண்டு. அவர் இரண்டும் செய்யாமல், அதனால் மனிதனுக்கு என்ன நேருகிறது என்று பார்த்தார். 1954 டிசம்பர் 5-ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில், அவர் மறைந்தார்.

நான் இளம் ஆசிரியனாயிருந்தபோது மார்கழிக் கச்சேரி முடிந்ததும் எழும்பூருக்கு ஓடி, தாம்பரம் செல்லும் கடைசி வண்டியைப் பிடிப்பது வழக்கம். மீட்டர் பாதையில் ஓடிய அந்த வண்டிகள் 2004-இல் நின்றுபோயின. அவ்வண்டியில் அன்றைய கச்சேரியைப் பற்றி நாங்கள் அடித்த கேலியை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் ஒரு காலம் பிழைத்திருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இவ்வளவையும் கேட்ட இளைஞர், தம் கையிலிருந்த குமிழ்களை ஒருமுறை பார்த்துவிட்டு, “இவற்றைப் பற்றியும் எழுதலாமா சார்?” என்றார். “அவசியம் எழுதுங்கள். குரோம்பேட்டையில் ரயிலேறினால் பெட்டி நிறைய மக்கள்; ஒவ்வொருவர் காதிலும் வெவ்வேறு பாட்டு; கச்சேரியோ ஒன்றுமில்லை! அதில் சிரிக்கவும் இடமுண்டு, சிந்திக்கவும் இடமுண்டு” என்றேன்.

மாணவர்களே, உங்களிடம் நான் வேண்டுவதும் இதுவே. நீங்கள் நாள்தோறும் காண்பதையும் கேட்பதையும், கைக்கருவி உங்களைப் படுத்தும் பாட்டையும் நாள் குறித்து எழுதிவையுங்கள். பிறர் மனம் புண்படாவண்ணம், முதலில் உங்களையே எண்ணிச் சிரித்து எழுதுங்கள். நாளைய சரித்திர ஆசிரியன் அதைத் தேடி வருவான்.