முத்துக்குளித்துறையில் குடிநீர்: திருச்சபைத் தொண்டும் பராமரிப்புப் பொறுப்பும்

வெளியூர்த் திருச்சபை ஒன்று தொண்டர் குழுவை வறண்ட சிற்றூருக்கு அனுப்புகிறது. குழுவினர் ஆழ்துளைக் கிணறு அமைத்துக் கொடுத்து, திறப்பு விழா முடிந்ததும் திரும்புகிறார்கள். உலகெங்கும் பரவியுள்ள இந்த அறப்பணியின் நோக்கத்தில் ஐயமில்லை. அதை அளக்கும் முறையே ஆய்வுக்குரியது. எத்தனை கிணறுகள் தோண்டப்பட்டன என்பது கணக்கில் ஏறுகிறது. பழுதானால் சரிசெய்பவர் யார் என்பது பின்னுக்குப் போகிறது. முத்துக்குளித்துறையில், அதாவது வேம்பார் முதல் பெரியதாழை வரையுள்ள தூத்துக்குடிக் கடற்கரையில், இரண்டாவது கேள்வியே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதற்காரணம் நிலம். திருச்செந்தூர் நாழிக்கிணறும், மணப்பாட்டில் சவேரியார் தங்கியதாக மரபு சொல்லும் குகையிலுள்ள கிணறும் கடலை ஒட்டியிருந்தும் நன்னீர் தருகின்றன. மணலில் இறங்கிய மழைநீர், அடர்த்தி மிகுந்த உவர்நீரின் மேல் மிதந்து நிற்கக்கூடியது. கைபன்–ஹெர்ஸ்பர்க் விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். மேல்மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால், காலப்போக்கில் உவர்நீர் ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறும். ஆகவே இங்கே ஆழமாகத் துளைத்து மோட்டாரால் வேகமாக இறைப்பது ஊற்றையே உவராக்கிவிடலாம். ஆழமற்ற கிணற்றில் அளவாக இறைப்பதும், கோடைதோறும் உப்பைச் சோதிப்பதும் உள்ளூரில் இருப்பவரால் மட்டுமே இயலும்.

மிஷன் வரலாறும் இதையே சொல்கிறது. தேரிக்காட்டு மெய்ஞ்ஞானபுரத்தில் 1830களின் இறுதியில் குடியேறிய மிஷனரி ஜான் தாமஸ், 1870-இல் இறக்கும்வரை அவ்வூரைத் தம் பணிக்களமாகக் கொண்டார். தெற்கே இடையன்குடிக்கு 1841-இல் வந்த கால்டுவெல்லும் பல பத்தாண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். இருவரும் கிணறு வெட்டினார்கள், மரம் நட்டார்கள். அந்நீரையே தாமும் குடித்தார்கள். கிணறு வற்றினால் அது அவர்களுடைய சிக்கலும்கூட. ஆனால் இம்முறைக்கு எல்லையும் உண்டு. மிஷன் குடியிருப்பின் நீர் மிஷன் நிர்வாகத்தின் கையிலிருந்தது. மக்கள் அதைப் பெற்றார்களேயன்றி உரிமையாகக் கோர முடியவில்லை.

அந்த எல்லையைத் தாண்டியவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. பரதவர் குலத்துக் கத்தோலிக்கரான அவர், 1909 முதல் பலமுறை தூத்துக்குடி நகர்மன்றத் தலைவராக இருந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய்வழி நகருக்குக் கொண்டுவந்தார். இதைச் செய்தது திருச்சபை அன்று, நகர்மன்றம். வரி செலுத்துபவர் எந்த மதத்தவரானாலும் தண்ணீர் வராதபோது கேள்வி கேட்கும் இடம் ஒன்று உருவானது. தேவாலயத்தில் வளர்ந்த பொறுப்புணர்வு பொது நிறுவனமாகக் கனிந்ததற்கு இது சான்று.

கைப்பம்பின் கதை இன்னும் தெளிவானது. இந்தியா மார்க் 2 பம்பின் முன்னோடிகள் மகாராட்டிரத்தின் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய இடங்களில் மிஷன் சார்ந்த பட்டறைகளில் உருவானவை. 1970களில் யுனிசெஃப் துணையுடன் அது செம்மையாகி, கோவைப் பகுதியில் சோதிக்கப்பட்டு, நாடெங்கும் பரவியது. எனினும் நல்ல பம்பு மட்டும் போதவில்லை. ஊரில் பயிற்சி பெற்ற ஒரு காப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்ட அளவில் ஒரு நடமாடும் குழு என்ற மூன்றடுக்குப் பராமரிப்பு முறை தமிழ்நாட்டில் உருவானது. அந்த ஊர்க் காப்பாளரும் தொண்டர்தான்; பழுது நேரும் நாளில் ஊரில் இருப்பவர் என்பதே அவருடைய தகுதி. இத்தகைய ஏற்பாடு வலுப்பெறாத ஆப்பிரிக்க நாடுகளில், சகாராவுக்குத் தெற்கே மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கைப்பம்புகள் செயலிழந்திருந்தன என்பது 2009-ஆம் ஆண்டின் மதிப்பீடு.

அரசுக் குழாயும் பொய்க்குமே என்ற மறுப்பு நியாயமானது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, தாமிரபரணியை நம்பியிருந்த குடிநீர் வழங்கலும் நிலைகுலைந்தது. அப்படிப்பட்ட நாட்களில் கேனிலும் லாரியிலும் தண்ணீர் கொண்டுவருபவர் எவராயினும் உயிர் காப்பவரே. அவசர உதவிக்கு விரைவு முக்கியம். அன்றாடக் குடிநீருக்கு வேண்டியது தொடர்ச்சி. ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளப்பதே பிழை.

கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் மீன்பிடியில் ஒரு பங்கைக் கோயிலுக்கு ஒதுக்கும் வழக்கமும் ஊர்க் கமிட்டியும் பழகிப்போனவை. பணம் திரட்டவும் கணக்குக் காட்டவும் தெரிந்த அமைப்பு அங்கே முன்பே இருக்கிறது. எனவே வரும் குழு, புதுக் கிணற்றுக்கு முன் அந்தக் கமிட்டியிடம் பராமரிப்பு நிதியையும் உப்புச் சோதனைக் கருவியையும் ஒப்படைப்பதும், கூட்டுக் குடிநீர்த் திட்ட இணைப்புக்காக ஊராட்சியிடம் முறையிட ஊருக்குத் துணைநிற்பதும் பயன்மிக்கவை. ஆனால் ஊராட்சிக் குழாய் எல்லாச் சாதிக்கும் எல்லா மதத்துக்கும் பொது. கோயில் கமிட்டி அப்படியன்று. கமிட்டியின் நிதியில் இயங்கும் கிணற்றில் பிறருக்கும் சம உரிமை எழுத்தில் உறுதியாகாவிட்டால், மிஷன் காலத்து எல்லைக்கே நாம் திரும்பியவர்களாவோம்.