உடற்குழி நீரும் நோயறி கலையும்

நுரையீரல், இருதயம், குடல் என்பவற்றைப் போர்த்திருக்கும் மென்சவ்வுகளின் இடையே இயல்பாக உள்ள நீர் மிகச் சிறிதளவேயாம். நோயினால் அது பெருகுங்கால் மூச்சு முட்டும், வயிறு வீங்கும். வயிற்றில் நீர் பெருகுவதை நம் முன்னோர் மகோதரம் என்றனர். நீரை வடித்தால் துன்பம் தணியும், காரணம் புலப்படாது. வடித்த நீரைக் கொண்டே காரணத்தை அறியும் கலை அண்மைக் காலத்திலேயே வளர்ந்தது.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் செய்ததோடு மாணவருக்கு அதனைத் தமிழிலே கற்பித்தும் வந்தார். அவருடைய முயற்சியால் 1867 இல் ‘இரண வைத்தியம்’ தமிழில் வெளிவந்தது. அதே ஆண்டில் ஐரோப்பாவில் லூக்கே, கிளெப்ஸ் என்னும் இருவர், வயிற்றினின்று எடுத்த நீரில் புற்றுநோய்க் கலங்களை நுணுக்குக்காட்டியிற் கண்டு அறிவித்தனர். நிணநீர்க் கணுக்களின் வீக்கத்தை இலண்டன் மருத்துவர் தோமஸ் ஹொட்ஜ்கின் 1832 இலேயே விவரித்திருந்தார்.

எனினும், நிணநீர்ப் புற்றாகிய லிம்போமாவை நீரிற் கண்டறிதல் எளிதன்று. பிற புற்றுக்கலங்கள் பெரும்பாலும் அந்நியராய்க் கூட்டமாக நிற்கும். லிம்போமாக் கலமோ தனித்தனியே நிற்பது. சிறு கலமாயின் இயல்பான நிணக்கலத்தையே ஒத்திருப்பது. சயரோகத்தால் நெஞ்சிற் சேரும் நீரிலும் நிணக்கலங்களே மிகுந்திருக்கும். ஒன்றை மற்றொன்றெனக் கொண்டு மாதக்கணக்கில் மருந்தளித்தால், காலமும் உயிரும் வீணாகும்.

இவ்விடர்ப்பாட்டை நீக்கப் பெரிதும் உதவியது 1975 இல் கோலர், மில்ஸ்ரைன் ஆகியோர் கண்ட முறையாகும். ஒரே தன்மையுடைய பிறபொருளெதிரிகளை வேண்டியவளவு ஆக்க அது வழிசெய்தது. அவை கலத்தின் மேலுள்ள அடையாளங்களைப் பற்றிக்கொண்டு அதன் குலத்தைக் காட்டும். தொற்றுநோயில் திரளும் நிணக்கலங்கள் பல குலத்தவை. புற்றிலோ யாவும் ஒரு கலத்தின் வழித்தோன்றல்கள். பி-கலங்கள் கப்பா, லாம்டா என்னும் இரு புரதச் சங்கிலிகளுள் ஒன்றையே பெரும்பாலும் தாங்கியிருப்பின் லிம்போமா என ஐயுறல் வேண்டும். கட்டியாகத் திரளாது நீரிலேயே தோன்றும் அரிய வகையொன்றும் உண்டு. அதில் ஹெர்பிஸ் இனத்து வைரசு ஒன்று உறைவது 1995 இல் வெளியாயிற்று.

1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தொடங்கியது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியின் துணையால், தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. கருவியும் கல்வியும் இவ்வாறு அணுகிவந்தபோதும் ஒரு குறை எஞ்சுகின்றது. முதல்முறை எடுத்த நீரில் புற்றுக்கலம் காணப்படாமை நோயின்மைக்குச் சான்றாகாது. மறுமுறையும் நீரெடுக்கவோ கணுவின் சிறுபகுதியை வெட்டியெடுக்கவோ நேரிடலாம். அதன் காரணத்தை அறியாத குடும்பத்தார் அஞ்சி மறுப்பின், எத்துணை நுண்ணிய கருவியிருந்தும் பயனில்லை.

நோயாளிக்கு விளங்கும் மொழியிலே மருத்துவம் பேசப்படல் வேண்டும் என்பதே கிறீன் மேற்கொண்ட உழைப்பின் உட்பொருள். அவர் காலத்தில் இல்லாத கலைக்கும் அவ்வுழைப்பு இன்றியமையாதது. அதனைத் தொடர்தல் கற்றோர் கடனாம்.