கப்பலில் மேடை வந்த கதை

1831இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து ஆற்றங்கரையில் வில்லியம் சாப்மேன் என்ற ஆங்கில நடிகர் ஒரு படகைக் கட்டவைத்தார். நீளம் சுமார் 100 அடி, அகலம் 16 அடி. உள்ளே ஒரு கோடியில் குறுகலான மேடை, எதிரே பலகை பெஞ்சுகள், வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி. அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் அப்போது நல்ல சாலையும் கிடையாது, ரயிலும் கிடையாது. ஒஹையோ, மிஸிசிப்பி ஆறுகள்தான் ராஜபாட்டை. நாடகம் பார்க்க ஜனங்களால் நகரத்துக்கு வர முடியாது. சாப்மேன் கொட்டகையை அவர்கள் ஊர்த் துறைக்கே கொண்டுபோனார்.

படகுக்கு எஞ்சின் இல்லை. ஆறு இழுத்த பக்கம் போகும். ஊர் தெரிந்தால் கரையில் கட்டுவார்கள். நடிகர்கள் பெரும்பாலும் அவர் குடும்பத்தார். படகு தள்ளுவதும் டிக்கெட் கிழிப்பதும் ஷேக்ஸ்பியர் வசனம் பேசுவதும் நடுவில் பாடி ஆடுவதும் அதே ஆட்கள்தான். கட்டணம் 50 சென்ட். காசில்லாதவர் உருளைக்கிழங்கோ பன்றிக் கறியோ கொடுத்துவிட்டு உட்காரலாம். இந்தக் குடும்பத்துக்கு மீன்பிடிப்பதில் ஒரே பைத்தியம். காட்சிக்குக் காட்சி கிடைக்கும் இடைவெளியில் படகின் பின்பக்கம் போய்த் தூண்டில் போடுவார்களாம். மேடையில் ஒருவர் அடுத்த ஆளை எதிர்பார்த்து விழித்துக்கொண்டு நிற்க, அந்த ஆள் பின்னால் மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கதையை அக்காலத்து நாடகக்காரர் சால் ஸ்மித் எழுதி வைத்திருக்கிறார்.

நியூ ஆர்லியன்ஸ் வந்து சேர்ந்ததும் படகை விறகு விலைக்கு விற்றுவிடுவார்கள். எதிர்நீச்சலில் திரும்ப வழியில்லையே! நீராவிக் கப்பலில் பிட்ஸ்பர்க் போய் மறுபடி புதிதாக ஒன்று கட்டுவார்கள். சில வருடங்கள் கழித்து நீராவி எஞ்சின் வைத்த படகு வந்த பிறகுதான் இந்தக் கூத்து நின்றது.

பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? நதியெங்கும் நாடகப் படகுகள் பெருகின. உள்நாட்டுப் போரில் தொழில் படுத்தது, பிறகு எழுந்தது. நீராவியில் ஒலிக்கும் கலியோப் என்ற வாத்தியத்தின் சத்தம் ஊருக்கு முன்கூட்டியே சேதி சொல்லிவிடும். கடைசியில் மோட்டார் காரும் சினிமாவும் வந்து இந்தப் படகுகளை ஒழித்தன.

ஒழிவதற்கு முன் அவை ஒரு பெரிய காரியம் செய்தன. 1925இல் எட்னா ஃபெர்பர் என்ற எழுத்தாளர் வட கரோலினாவில் ஜேம்ஸ் ஆடம்ஸ் மிதக்கும் தியேட்டரில் சில நாள் தங்கி, நடிகர்களின் கதைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அடுத்த வருடம் ‘ஷோ போட்’ நாவல் வந்தது. 1927 டிசம்பர் 27 அன்று ஜெரோம் கெர்ன் இசையில், ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுத்தில் அது நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் மேடையேறியது. அதுவரை பிராட்வே இசை நாடகம் என்றால் பெரும்பாலும் இலேசான கதை, நடுநடுவே பாட்டு. இதில் பாட்டே கதையைத் தூக்கிச் சென்றது. நிறவெறி, கலப்புமணம் என்று கனமான விஷயங்கள் வந்தன. படகில் ஆடியவர்களைத் துக்கடா நடிகர்கள் என்று நகரத்துக்காரர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் பிராட்வே தன் முகத்தை மாற்றிக்கொண்டது அவர்கள் கதையை வைத்துத்தான்.

கடல் கப்பல் கதை வேறு. 1958இல் ஜெட் விமானம் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும் பயணிக் கப்பல்களுக்குப் பிழைப்பு போயிற்று. ஊர் சேர்ப்பதை விட்டுவிட்டு, ஊர் சுற்றிக் காட்டும் வேலைக்கு அவை மாறின. 1974இல் ஓய்ந்த ‘பிரான்ஸ்’ கப்பலை நார்வேக்காரர் ஒருவர் வாங்கி, ‘நார்வே’ என்று பெயர் மாற்றி 1980இல் மயாமியிலிருந்து ஓட்டினார். அதன் அரங்கில் பிராட்வே நாடகங்களைச் சுருக்கிப் போட்டார்கள். 2009 டிசம்பரில் ‘ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ கப்பல் புறப்பட்டபோது ‘ஹேர்ஸ்ப்ரே’ என்ற பிராட்வே நாடகமும் கூடவே ஏறியது.

கப்பலில் நாடகத்தைச் சுருக்குவதற்குக் காரணம் சாப்பாட்டு மணி. இரவு உணவு இரண்டு பந்தி என்றால் ஆட்டமும் இரண்டு. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். கடல் கொந்தளித்தால் அந்தரத்தில் பறக்கும் காட்சியை எடுத்துவிடுவார்கள். நடிகர்களும் சிப்பந்திக் கணக்குதான்: தீயணைப்பு, உயிர் காப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், அவசரகாலத்தில் பயணிகளை உயிர்ப்படகுப் பக்கம் ஒழுங்குபடுத்தி நிறுத்த வேண்டும். சாப்மேன் வீட்டுப் பிள்ளைகள் பார்த்த இரட்டை வேலை இன்னும் போகவில்லை. வாடகை, சாப்பாட்டுச் செலவு இல்லாமல் சில மாதச் சம்பளம் கையில் நிற்கும். ஆனால் அத்தனை மாதமும் ஊரில் நடக்கும் நடிகர் தேர்வுகள் கைநழுவும். இளம் வயதில் நல்ல பள்ளிக்கூடம், அதிலேயே தங்கிவிடுவது சிரமம் என்பது என் அபிப்பிராயம்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கோர்டீலியா என்ற சுற்றுலாக் கப்பல் நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’, 1990இல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கட்டிய கப்பல். இப்போது அதில் பாலிவுட் ஆட்டபாட்டம் நடக்கிறது. ஆகவே இந்த வேலை நம் பிள்ளைகளுக்கும் எட்டாத தூரமில்லை. போகிறவர்கள் ஒப்பந்தத்தில் எத்தனை மாதம், திரும்பும் டிக்கெட் யார் செலவு என்பதைப் படித்துப் பாருங்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலைக்குச் சேர்க்க ஆளிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது. எந்த ஏஜென்ட் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.