ஈமப்பேழையும் கல்வட்டமும் (தொண்டை மண்டலம்)

இறந்தவரின் எலும்புகளைச் சுடுமண் பேழையில் இட்டுப் புதைத்து, மேலே கற்களைக் குவித்து, சுற்றிலும் பாறைக் குண்டுகளை வட்டமாக நிறுத்திய பெருங்கற்கால ஈமச்சின்னம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் மிகுதி. ஊர்வழக்கில் பாண்டவர் குழி. கி.மு. 1000 முதல் கி.பி. 300 வரை என்பது நெடுநாள் வழங்கிவந்த காலக்கணிப்பு.

தென்னிந்தியக் கற்புதைகுழிகளைப் பற்றிய தொடக்ககால அச்சுக் கட்டுரை, மலபாரைப் பற்றி பாபிங்டன் எழுதி 1823இல் வெளிவந்தது. சென்னை அருகே முதலில் பேர்பெற்றது பல்லாவரம். அங்குள்ள குன்றில் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த சுடுமண் பேழையைப் பற்றிய செய்தி 1888இல் வெளியானது. பின்னர் அவரே பெரும்பேரிலும் தோண்டினார்.

அதற்கடுத்த பல பத்தாண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

1947இல் மார்ட்டிமர் வீலர் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் அகழ்ந்தபின் நிலைமை மாறியது. வி.டி. கிருஷ்ணசுவாமி 1949இல் தென்னிந்தியப் பெருங்கற்சின்னங்களை வகைப்படுத்தினார். என்.ஆர். பானர்ஜியும் கே.வி. சௌந்தரராஜனும் மதுராந்தகம் பக்கத்துச் சாணூரில் 1950இலும் 1952இலும் அகழ்ந்த அறிக்கை 1959இல் வந்தது. திருக்கழுக்குன்றம் அருகே குன்னத்தூரிலும் அதே பத்தாண்டில் பணி நடந்தது. இன்று நாம் விரிவாக அறிவதில் பெரும்பகுதி இந்தச் சில ஆண்டுகளின் கொடைதான்.

கட்டுமானம் பொறுமை கேட்கும் வேலை. முதலில் குழி. உடலை வேறிடத்தில் கிடத்தி, பின்னர் பொறுக்கிய எலும்புகள் பேழைக்குள் சேரும். கூடவே கருப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள். மண் நிரப்பி, கற்களைக் குவித்து, வட்டம் கட்டினால் முடிந்தது. பேழைதான் இதில் அழகு: தொட்டி போன்ற நீண்ட உடல், தனி மூடி, அடியில் வரிசை வரிசையாகக் குட்டையான கால்கள். மண்ணுக்குள் போகும் பெட்டிக்குக் கால் எதற்கு என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விடையில்லை. கடப்பை மாவட்டம் சங்கவரத்துப் பேழைக்கோ ஆட்டுக்கடாவின் உருவமே உண்டு.

எல்லா இடத்திலும் கல் இல்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அமிர்தமங்கலத்தில் தாழிகளே புதைக்கப்பட்டன. ஈமமுறைகள் பலவும் அருகருகே வழங்கியதை மணிமேகலையும் காட்டுகிறது.

இச்சின்னங்கள் பெரும்பாலும் ஏரியை ஒட்டிய பாறை மேட்டில், உழவுக்கு உதவாத நிலத்தில் இருக்கின்றன. அதனால் ஏரிப்பாசனமும் இவற்றை எழுப்பிய மக்களுடையதே என்று சிலர் கருதினர். ஏரிகள் பிற்காலத்தவை என்பாரும் உண்டு. காலமும் தீர்ந்த வழக்கல்ல. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அறிஞர்களில் சிலர் மேலும் சான்று வேண்டும் என்கின்றனர்.

தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அத்தகைய சின்னமுள்ள ஜமீன் பல்லாவரத்தில் வீடு கட்ட நினைப்போருக்கு இது இன்றும் தலைவலி.

பல்லாவரத்துப் பேழை இருப்பது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில். அங்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.