வழியில் கேட்ட குரல்கள்

1706 சூலையில் தரங்கம்பாடிக்கு வந்த செருமானியச் சமயத் தொண்டர் சீகன்பால்கு, திண்ணைப்பள்ளிச் சிறுவரோடமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். பின்னர் எதிர்ப்பட்டோருடனெல்லாம் சமயம் பற்றி உரையாடினார். வினாவையும் விடையையும் செருமன் மொழியில் எழுதித் தாயகத்திற்கு அனுப்பினார். அவற்றுள் 34 உரையாடல்கள் 1719இல் இலண்டனில் ஆங்கில நூலாயின. அவ்வாண்டிலேயே, 36ஆம் அகவையில், அவர் மறைந்தார்.

கற்பிக்க வந்தவர் கேட்கவும் நேர்ந்தது. தம் நெறியை விட்டுக்கொடாது மறுத்துரைத்தோர் பலர். அம்மறுப்புகளையும் அவர் எழுதிவைத்தார். அது அவர்தம் நேர்மை. எனினும் நம்மவர் மொழிந்த தமிழ்ச்சொற்கள் காற்றோடு கலந்தன. எஞ்சியவை அவர் செவிவழி சென்ற பொருளே. நம் முன்னோரின் வாய்மொழியை அயல்மொழிவழியே மீட்டறிய வேண்டிய நிலை, எழுதுகோல் ஏந்திய நம்மனோர் நெஞ்சை உறுத்த வேண்டாமா?