வில்லை நம்பாத எஞ்சின்

மோட்டார் சைக்கிள் எஞ்சினில் வால்வைத் திறப்பது எது? கேம். மூடுவது எது? சுருள்வில். பள்ளி மாணவனும் தயங்காமல் கூறும் விடை இது. ஆனால் 1968ஆம் ஆண்டு முதல் இத்தாலியில் செய்யப்பட்ட சில டுகாட்டி வண்டிகளை வீட்டில் வைத்துப் பழுதுபார்ப்பவர் இரண்டாவது விடையை ஒப்புக்கொள்ள மாட்டார். அவ்வண்டிகளில் வால்வைத் திறக்க ஒரு கேம். மூட மற்றொரு கேம். பிற எஞ்சின்களில் ஒரு வால்வுக்கு ஓர் இடைவெளியை அளந்தால் போதும். இங்கே இரண்டை அளக்க வேண்டும். இந்த இரட்டை வேலையை அவர் தலையில் சுமத்தியவர் யார்? ஏன் சுமத்தினார்? இக்கதை வானொலியில் தொடங்குகிறது.

மின்தேக்கி செய்த நிறுவனம்

மார்க்கோனி பிறந்த ஊர் இத்தாலியின் பொலோனா நகரம். அதே நகரைச் சேர்ந்த அத்ரியானோ டுகாட்டி என்ற இளைஞர் 1924ஆம் ஆண்டு சிறிய சிற்றலைக் கருவி ஒன்றைக் கொண்டு அமெரிக்காவுடன் தொடர்பு கொண்டார். 1926இல் அவர் குடும்பத்தினர் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். அதன் முதல் பொருள் மோட்டார் சைக்கிள் அன்று. வானொலிக்கு வேண்டிய மின்தேக்கி. இரண்டாம் உலகப்போரில், 1944 அக்டோபர் 12ஆம் நாள், பொலோனாவின் புறநகரிலிருந்த அவர்களுடைய தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைந்தது. போருக்குப்பின் மக்களுக்கு மலிவான ஊர்தி தேவைப்பட்டது. 1946இல் சைக்கிளில் பொருத்தும் 48 கன செ.மீ. எஞ்சினை டுகாட்டி நிறுவனம் செய்யத் தொடங்கியது. அதன் பெயர் 'குச்சோலோ', அதாவது நாய்க்குட்டி. இவ்வாறு வானொலி நிறுவனம் வண்டி நிறுவனமாயிற்று.

மின்தேக்கிக்கும் பழைய மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவையும் இங்கேயே பார்த்துவிடலாம். அக்கால வண்டிகளில் தீப்பொறி உண்டாக்குவது 'பாயிண்ட்' எனப்படும் தொடுமுனைகளின் வேலை. அவை பிரியும்போது முதன்மைச் சுருளின் மின்னோட்டம் சட்டென நிற்க வேண்டும். சட்டென நின்றால்தான் காந்தப்புலம் விரைந்து சரிந்து, துணைச் சுருளில் பல்லாயிரம் வோல்ட் தூண்டப்படும். ஆனால் ஓடும் மின்னோட்டம் எளிதில் நிற்பதில்லை. முனைகளுக்கிடையே பொறியாகத் தாவி ஓடப் பார்க்கும். அந்த மின்னூட்டத்தை வாங்கிக்கொள்வதே மெக்கானிக்குகள் 'கண்டென்சர்' என்று கூறும் மின்தேக்கியின் பணி. குளிர்ந்த நிலையில் நன்றாகக் கிளம்பும் பழைய வண்டி, சூடேறியபின் இடறி நின்றால், பாயிண்டுகளும் கருகியிருந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான். எஞ்சினைக் கழற்றுமுன் இந்தச் சிறு பொருளை மாற்றிப் பார்ப்பது அறிவுடைமை.

வில் தோற்கும் இடம்

1954ஆம் ஆண்டு ஃபாபியோ தாலியோனி என்ற பொறிஞர் டுகாட்டியில் சேர்ந்தார். 1920இல் பிறந்த இவர் பொலோனாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். சிறிய எஞ்சினில் மிகுந்த திறனைப் பெறுவது அவர் முன்னிருந்த சிக்கல். எஞ்சினின் பருமனைக் கூட்டப் பந்தய விதி இடந்தராது. எனவே அதை வேகமாகச் சுழலச் செய்வதே வழி. அவ்வழியில் தடையாக நின்றது வால்வின் வில்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்திற்கு 12,000 முறை சுழலும் நான்கு வீச்சு எஞ்சினில், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வால்வு திறக்கிறது. அதாவது விநாடிக்கு 100 முறை. ஒவ்வொரு முறையும் திறந்து மூடக் கிடைப்பது விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரங்கூட அன்று. அதிலும் பாதிக்குக் குறைவு. வால்வைத் திறக்கும்போது கேம் அதைத் தள்ளுகிறது, அதில் ஐயமில்லை. திரும்பும்போதோ, கேமின் வடிவை விட்டு விலகாதபடி வால்வை வில்தான் முடுக்க வேண்டும். சுழற்சி வேகம் இரு மடங்கானால் இதற்கு வேண்டிய விசை நான்கு மடங்காகும். ஆனால் வில்லின் விசை வேகத்தைப் பார்த்துக் கூடுவதில்லை. ஒரு வேகத்திற்குமேல் வால்வு கேமை விட்டு மிதக்கத் தொடங்கும். அதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிட்டால் இரண்டும் மோதும், எஞ்சின் அழியும். வலிய வில்லைப் போட்டால் என்ன? கேமும் நெம்புகோலும் விரைவில் தேயும். மேலும், வில்லுக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. எஞ்சினின் துடிப்பு அதனோடு ஒத்திசைந்தால் வில்லே துள்ளி, களைத்து, முறியும். அக்கால உருக்கில் இது அடிக்கடி நேர்ந்தது.

தாலியோனியின் விடை எளியது. திறக்கும் கதவைக் கையால் தள்ளுகிறோம். மூடவும் கையாலேயே இழுத்தால் என்ன? மூடுவதற்கும் ஒரு கேமை வைத்தார். இக்கருத்து அவருடைய கண்டுபிடிப்பு அன்று. 1914ஆம் ஆண்டின் டெலாஜ் பந்தயக் காரிலும், 1954, 1955இல் வென்ற மெர்சிடஸ் பந்தயக் காரிலும் இது இருந்தது. 'டெஸ்மோட்ரோமிக்' என்ற பெயர், கட்டு, ஓட்டம் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. பிறர் கைவிட்ட முறையைப் பிடித்துக்கொண்டு, கடையில் வாங்கும் வண்டிவரை கொண்டுவந்ததே தாலியோனியின் சாதனை.

வெற்றியும் விலையும்

1956 ஜூலையில் ஸ்வீடன் நாட்டின் ஹெடமோராவில் 125 கன செ.மீ. டெஸ்மோ முதன்முதலாகப் போட்டியிட்டு வென்றது. ஓட்டியவர் ஜானி தெலி அந்தோனி. சில வாரங்களிலேயே மொன்சா ஓடுதளத்தில் பயிற்சியின்போது அவர் விபத்தில் இறந்தார். டெஸ்மோவின் முன்னேற்றம் தடைப்பட்டது. 1958இல் அதே மொன்சாவில் 125 பிரிவின் முதல் ஐந்து இடங்களையும் டுகாட்டி பிடித்தது.

பந்தய எஞ்சினில் மூன்று கேம் தண்டுகள் இருந்தன. 1968இல் விற்பனைக்கு வந்த 250, 350 ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் தாலியோனி நான்கு கேம்களையும் ஒரே தண்டில் அமைத்தார். 1972 ஏப்ரலில் இமோலாவின் 200 மைல் பந்தயத்தில் பால் ஸ்மார்ட், புரூனோ ஸ்பஜாரி இருவரும் 750 டெஸ்மோவில் முதலிரு இடங்களைப் பெற்றனர். அதன்பின் டெஸ்மோ உலகறிந்த பெயராயிற்று.

அந்தப் புகழின் விலையை வீட்டுப் பட்டறையில் காணலாம். ஒற்றைச் சிலிண்டர் டெஸ்மோவில் இரு வால்வுகளுக்கும் சேர்த்து நான்கு இடைவெளிகள். எஞ்சின் நன்கு ஆறியபின், இரு வால்வுகளும் மூடி, பிஸ்டன் மேல்முனையில் நிற்கும்போது ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். ஒன்று, திறக்கும் நெம்புகோலுக்கும் வால்வுத் தண்டின் முனையிலுள்ள சிறு தொப்பிக்கும் இடையே உள்ளது. மற்றது மூடும் நெம்புகோலின் பக்கம். இது தகடு நுழையவே திணறும் அளவு சிறியது. சரிசெய்யத் திருகு கிடையாது. தக்க கனமுள்ள தொப்பியைத் தேர்ந்து மாற்ற வேண்டும். தேவையானால் தேய்த்துக் கனத்தைக் குறைக்க வேண்டும்.

நாளடைவில் வால்வு தன் இருக்கையில் தேய்ந்து மேலே ஏறும்போது, திறக்கும் பக்க இடைவெளி குறையும். மூடும் பக்க இடைவெளி கூடும். முதலாவது முற்றும் மறைந்தால் வால்வு முழுமையாக மூடாது. அழுத்தம் குறைந்து வண்டி கிளம்ப மறுக்கும். கசியும் சூடான வாயு வால்வின் விளிம்பை எரித்துவிடும். இரண்டாவது மிகுந்தால், மெதுவான சுழற்சியில் வால்வு இருக்கையில் இறுக உட்காராது. இதற்காகவே இந்த ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் மெல்லிய துணைவில் ஒன்றையும் வைத்தனர். வில்லை முழுவதும் துறக்க அந்த எஞ்சினாலும் முடியவில்லை!

வில் திரும்பியது

தாலியோனி 2001இல் மறைந்தார். 2020இல் டுகாட்டி வெளியிட்ட 'வி4 கிரான்டூரிஸ்மோ' எஞ்சினில் வால்வுகளை மூடுவது மீண்டும் சுருள்வில்தான். வால்வு இடைவெளியை 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை சோதித்தால் போதும் என்பது அதன் பெருமை. நெடுந்தொலைவு செல்பவருக்கு உச்ச வேகத்தைவிட இதுவே பெரிது. இடைப்பட்ட ஆண்டுகளில் உருக்கு சிறந்தது, வால்வு இலேசாயிற்று, கேமின் வடிவைக் கணிப்பொறி வகுத்தது. ஆனால் மிகுந்த வேகம் வேண்டும் எஞ்சின்களில் டுகாட்டி டெஸ்மோவை விடவில்லை.

அப்படியானால் தாலியோனி செய்தது தவறா? அன்று. 1956ஆம் ஆண்டின் வில் தாங்காத வேலையை அவர் கேமிடம் ஒப்படைத்தார். வில்லின் குறை மறைந்தது; அதற்கு ஈடாக நுண்ணிய அளவீடு என்ற கடமை எஞ்சினைப் பேணுபவரிடம் சேர்ந்தது. இன்று அந்தப் பழைய வண்டியின் முன் ஃபீலர் கேஜுடன் குனிந்திருப்பவர், அன்றைய உருக்கு செய்யத் தவறிய வேலையில் ஒரு பங்கைத் தம் கையால் செய்துகொண்டிருக்கிறார்.